வெட்ஜ்ஃபீல்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா? வேலை இருக்கட்டும், முதலில் வீட்டைப் பாருங்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, போர்ட் ஹெட்லாண்ட்ல வேலை கிடைக்குமா?" கிடைக்கும். கையில் தொழில் இருந்து, வெயிலுக்கு அஞ்சாத ஆளாக இருந்தால் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அடுத்து கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை: ராத்திரி எங்கே படுப்பது? நானும் கேட்காமல்தான் வந்தேன். அதற்கு ஆறு வாரம் ஒரு லாரி யார்டுக்குப் பின்னால் கிடந்த தகரப் பெட்டியில் படுத்து வட்டி கட்டினேன். அந்தக் கதை கீழே வருகிறது. இது ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லாண்ட் துறைமுக ஊரின் வெட்ஜ்ஃபீல்டு தொழிற்பேட்டையில், ஹைட்ராலிக் ஹோஸ் கடையில், அதாவது மெஷின்களில் அழுத்தத்தோடு எண்ணெய் ஓடும் குழாய்களைச் செய்து கொடுக்கும் கடையில் வேலை செய்கிறவன் எழுதுவது. சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்களின் அனுபவம் கொஞ்சம் வேறாக இருக்கும்.

ஊர் எப்படி இருக்கிறது

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, பில்பரா என்ற செம்மண் பிரதேசத்தின் கடலோரம். பெர்த்திலிருந்து விமானத்தில் 2 மணி நேரம், சாலையில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். நேரம் இந்தியாவைவிட 2½ மணி முன்னால், சிங்கப்பூரும் நாமும் ஒரே நேரம், அதனால் வீட்டுக்குப் பேசுவதில் சிரமமில்லை.

ஹெட்லாண்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே ஊர் இல்லை. கடலையொட்டி ஒரு தீவு மாதிரி நீண்டு கிடப்பது பழைய போர்ட் ஹெட்லாண்ட். உள்ளே தள்ளி 15 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் சவுத் ஹெட்லாண்ட், பெரும்பாலான குடும்பங்கள், ஆஸ்பத்திரி, பெரிய கடைகள் எல்லாம் அங்கே. இரண்டுக்கும் நடுவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வெட்ஜ்ஃபீல்டு. டயர் கடை, கிரேன் வாடகை, வெல்டிங் ஷெட், டீசல் மெக்கானிக், லாரி யார்டு, எங்களை மாதிரி ஹோஸ் கடை என்று இதுதான் அதன் மொத்த உருவம். பிங்கா ஸ்ட்ரீட்டில் ஒரு தடவை மெதுவாக வண்டி ஓட்டிப் போனால் ஊரின் பாதித் தொழிலைப் பார்த்துவிடலாம்.

இந்த இடம் ஏன் இருக்கிறது என்றால் இரும்புத் தாதுதான். 1938 முதல் ஆஸ்திரேலிய அரசு இரும்புத் தாது ஏற்றுமதியைத் தடுத்து வைத்திருந்தது, 1960இல் அந்தத் தடை தளர்ந்தது, 1966இல் கோல்ட்ஸ்வொர்தி சுரங்கத்தின் தாது இங்கிருந்து கப்பலேறியது. 1969இல் மவுண்ட் நியூமன் சுரங்கத்திலிருந்து 426 கிலோமீட்டர் ரயில் பாதை வந்து சேர்ந்தது. இப்போது பிஎச்பி, ஃபோர்டெஸ்க்யூ, ராய் ஹில் என்ற மூன்று சுரங்கக் கம்பெனிகளும் இங்கே இறக்குகின்றன, வருடத்துக்கு 50 கோடி டன்னுக்கு மேல் இந்தத் துறைமுகம் வழியாகப் போகிறது. 2001இல் 682 பெட்டிகளோடு 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயிலை ஓட்டி உலக சாதனை செய்ததும் இந்தப் பாதையில்தான். தினமும் வருவது அவ்வளவு நீளம் இல்லை, இரண்டரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். 'தான்' என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது.

இரும்பு ரயிலில் வருகிறது. மாங்கனீசும் லித்தியமும் லாரியில் வருகின்றன. வுடி வுடி, பில்கங்கூரா, வாஜினா சுரங்கங்களின் லாரிகள் ஓடுவதால்தான் வெட்ஜ்ஃபீல்டுக்கு இவ்வளவு வேலை.

இன்னொன்று. இது காரியாரா மக்களின் நிலம். துறைமுகத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் மராபிகுரின்யா. வேலையில் சேரும்போது நடக்கும் பண்பாட்டு வகுப்பைத் தூக்கத்தில் கழிக்காதீர்கள். எந்த இடத்தில் இறங்கக் கூடாது, எந்தக் கல்லைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் சொல்வார்கள். 1946இல் பில்பராவின் பழங்குடி மேய்ச்சல் தொழிலாளர்கள் கூலிக்காகப் பண்ணைகளை விட்டு வெளியேறி நடத்திய வேலைநிறுத்தம் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. பல வருடம் நீடித்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களோடு வேலை செய்வார்கள்.

விமானம் ஏறும் முன்

'மைனிங் விசா' என்று ஒன்று கிடையாது. ஊரில் யாராவது சில லட்சம் கொடுத்தால் மைனிங் விசா வாங்கித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பான்சர் செய்வதற்கு ஈடாகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது இங்கே சட்டவிரோதம். 482 என்ற ஸ்பான்சர் விசாவில் வருகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வேலை போனாலோ நீங்களே விட்டாலோ அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து இப்படி. "விட்டால் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவோம்" என்று மிரட்டும் ஆட்கள் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் கார்டுகள். கட்டுமான வேலை எதுவாக இருந்தாலும் வொய்ட் கார்டு என்ற பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். ஃபோர்க்லிஃப்ட், கிரேன், ரிக்கிங், சாரம் கட்டுவது எல்லாவற்றுக்கும் ஹை ரிஸ்க் லைசென்ஸ், இந்தியாவிலோ வளைகுடாவிலோ வாங்கிய சான்றிதழை இங்கே ஏற்க மாட்டார்கள், மறுபடி பரீட்சை எழுத வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் இங்கத்து லைசென்ஸ் இல்லாமல் ஒரு ஸ்விட்ச்சைக்கூடக் கழற்றக் கூடாது. துறைமுகத்துக்குள் தனியாக நடமாட எம்எஸ்ஐசி என்ற அடையாள அட்டை தேவை, பின்னணி விசாரணை முடிய வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் வேலை உறுதியானவுடனே விண்ணப்பியுங்கள். இவற்றையெல்லாம் பெர்த்திலேயே முடித்துவிட்டு ஏறுவது நல்லது. இங்கே சவுத் ஹெட்லாண்டில் டேஃப் என்ற தொழிற்கல்லூரி இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கும் வாரத்தில் நீங்கள் கேட்கும் வகுப்பு நடக்க வேண்டுமே.

மருத்துவப் பரிசோதனையில் சிறுநீர் எடுப்பார்கள், போதைப்பொருளுக்கு. நம்மாட்கள் பலர் ஊரிலிருந்து இருமல் மருந்தும் வலி மாத்திரையும் பை நிறையக் கொண்டுவருகிறோம். அதில் கோடீன் இருந்தால் பரிசோதனையில் காட்டும். ஆஸ்திரேலியாவில் 2018 முதல் கோடீன் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே முடியாது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள், பின்னால் சொன்னால் சாக்காகிவிடும். காலையில் ஊதச் சொல்வார்கள், அளவு பூஜ்யம் இருக்க வேண்டும். முந்தின இரவு பத்து மணிக்குக் குடித்தது காலை ஐந்து மணிக்கு மீட்டரில் வரும். வந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் மே முதல் செப்டம்பருக்குள் வந்து சேருங்கள். அப்போது பகலில் 27, 30 டிகிரி, ராத்திரி போர்வை தேவைப்படும். உடம்பு ஊரோடு பழக ஐந்து மாதம் கிடைக்கும். டிசம்பரில் நேராக வந்து இறங்கினவர்கள் இரண்டாவது வாரமே திரும்பிப் போன கதை ஒன்றிரண்டு இல்லை.

வீடு

விமானத்தில் வந்து வேலை முடித்துப் பறந்து போகிற ஃபைஃபோ ஆளாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்களுக்குக் கேம்ப்பில் அறை, மூன்று வேளை சாப்பாடு, ஏசி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்ற மாதிரி ஸ்விங் ஓடும்.

வெட்ஜ்ஃபீல்டு கடைகளில் சேருகிறவர்களுக்குத்தான் பிரச்சினை, ஏனென்றால் இவை பெரும்பாலும் சின்ன முதலாளிகள், உள்ளூரில் குடியிருக்கும் ஆளைத்தான் கேட்பார்கள். வாடகை இங்கே வாரக் கணக்கு. இரும்பு விலை ஏறினால் வாடகையும் ஏறும், பெரிய கம்பெனிகள் தெருத்தெருவாக வீடு எடுத்துவிடும். முன்பணம் சாதாரணமாக நான்கு வார வாடகை. வீட்டைப் பார்க்க வரிசையில் நின்று, விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். புதிதாக வந்தவனிடம் சம்பளச் சீட்டு ஏது? இந்த வட்டத்தில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள்.

எனவே வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் நேராகக் கேளுங்கள்: தங்க இடம் தருகிறீர்களா? எத்தனை வாரம்? வாடகை பிடிப்பீர்களா, எவ்வளவு? முகவரி என்ன? கடைசிக் கேள்விதான் முக்கியம். முகவரி வெட்ஜ்ஃபீல்டு என்று இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: அந்தக் கட்டடத்தில் குடியிருக்க அனுமதி இருக்கிறதா? அதைத் தரையோடு கட்டியிருக்கிறதா?

வெட்ஜ்ஃபீல்டு குடியிருப்புப் பகுதி இல்லை. அங்கே சட்டப்படி குடியிருக்கக் கூடியவர் அந்த மனையில் நடக்கும் தொழிலைக் காவல் காக்கும் கேர்டேக்கரும் அவர் குடும்பமும்தான், அதுவும் அனுமதி வாங்கிய கட்டடத்தில். ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு டோங்காவைப் போட்டு, அதாவது சுமந்து வந்து இறக்கி வைக்கும் தகர அறையைப் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டில் என்று வாடகைக்கு விடுவது நடக்கிறது.

எனக்கு முதலில் வேலை கொடுத்தவர், பெயர் வேண்டாம், "தங்குமிடம் இலவசம்" என்றுதான் எழுதியிருந்தார். வந்து பார்த்தால் அப்படி ஒரு டோங்கா. சுவருக்கு இந்தப் பக்கம் என் தலையணை, அந்தப் பக்கம் லாரி நிறுத்தும் இடம். காலை மூன்றரைக்கு முதல் லாரி இஞ்சினை ஓட விடுவார்கள், பின்னுக்கு எடுக்கும்போது பீப் பீப், அப்புறம் ஏர் பிரேக் சீற்றம். கதவிடுக்கில் ஈரத்துணியை வைத்து அடைத்துத்தான் படுப்பேன், காலையில் அந்தத் துணி செங்கல் நிறத்தில் இருக்கும். ஆறாவது வாரம் ஒரு சக வேலையாள், வயதான ஆஸ்திரேலியர், டோங்காவின் நாலு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைத் தரையோடு கட்டவே இல்லையே" என்றார். அன்று சாயங்காலமே அவர் வீட்டு விருந்தினர் அறைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கட்டவில்லை என்றால் என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. 2007 மார்ச்சில் ஜார்ஜ் சூறாவளி ஹெட்லாண்டை ஒட்டிக் கரை கடந்து உள்ளே போனபோது, கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த ரயில் பாதை வேலையாட்களின் முகாமில் டோங்காக்கள் புரண்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எனவே டோங்காவில் தங்கச் சொன்னால் குனிந்து அடியில் பாருங்கள். தரையில் கான்கிரீட்டில் இறங்கிய சங்கிலியோ கம்பியோ ஒவ்வொரு மூலையிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ராத்திரிகூட வேண்டாம்.

பழைய போர்ட் ஹெட்லாண்டில் கடலைப் பார்த்த மாதிரி வீடு கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எந்தத் தெரு என்று கேளுங்கள். மேற்கு முனை துறைமுகத்தின் தாதுக் குவியல்களுக்கு மிக அருகில். அங்கே தூசு அவ்வளவு மோசம், வீடுகளை விரும்பியவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டமே கொண்டுவந்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் தூசுக்கு நாட்டின் மற்ற இடங்களில் 24 மணி நேரச் சராசரி வரம்பு 50 மைக்ரோகிராம் என்றால் இங்கே 70 என்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமா குழந்தை இருந்தால் சவுத் ஹெட்லாண்டிலேயே பாருங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார்ப்பெட், வெள்ளை நாய் எதுவும் வேண்டாம்.

யார்டில் முதல் வாரம்

காலை ஆறு மணிக்கு, வேலை தொடங்கும் முன், ப்ரீஸ்டார்ட் கூட்டம். ஐந்து நிமிடம்தான், ஆனால் அங்கே வாயைத் திறந்து பேசுகிற ஆளைத்தான் மதிப்பார்கள். நமக்குச் சின்ன வயதிலிருந்தே மேலதிகாரி முன் வாய் மூடி நிற்கும் பழக்கம். "இந்த ஜாக் ஸ்டாண்டில் விரிசல் இருக்கிறது" என்று சொல்ல நான் மூன்று நாள் யோசித்தேன். சொன்னபோது ஃபோர்மன் கேட்டது ஒன்றுதான்: மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை? எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் போட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பத்து மணி இடைவேளைக்கு ஸ்மோக்கோ என்று பெயர், சிகரெட் பிடிக்க வேண்டியதில்லை. சாப்பிடும் அறை கிரிப் ரூம்.

என் கடை வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், இந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று அதில் தெரியும். வெடித்துப்போன ஹோஸைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு ஃபிட்டர் உள்ளே வருவார். அங்கே எங்கோ ஒரு லோடர் நிற்கிறது, அது நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. நீளம் அளந்து, வெட்டி, உள்ளே காற்றடித்துத் துடைத்து, ஃபிட்டிங் சொருகி, க்ரிம்ப் மெஷினில் நசுக்கி, அளவு பார்த்து, சீட்டு ஒட்டிக் கையில் கொடுக்க இருபது நிமிடம். ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு பிஎஸ்பி என்ற அளவு மரை கை வந்த விஷயம். இங்கே அமெரிக்க மெஷினில் 37 டிகிரிச் சாய்வுள்ள ஜேஐசி வகை ஃபிட்டிங் வரும், ஜப்பான் மெஷினில் 30 டிகிரி வரும். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும், அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு போகும். மரை அளக்கும் கேஜ் இல்லாமல் எதையும் திருகாதீர்கள். வாங்க வருகிறவராக இருந்தால் போனில் அளவு சொல்ல வேண்டாம், பழைய ஹோஸையே கொண்டு வாருங்கள்.

இதை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் அது அறுவை சிகிச்சைக்குரிய அவசரம், சில மணி நேரம் தாமதித்தால் விரல் போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் பிளாஸ்திரி ஒட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன எண்ணெய் என்ற விவரத்தோடு.

வெயில். நவம்பர் முதல் மார்ச் வரை 36, 37 என்பது சாதாரண நாள், 40க்கு மேல் போவது அடிக்கடி, கடல் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார்பிள் பாரில் 1923-24இல் தொடர்ந்து 160 நாள் பகலின் உச்ச வெப்பம் 100 ஃபாரன்ஹீட்டுக்குக் (கிட்டத்தட்ட 38 டிகிரி) கீழே இறங்கவில்லை. கழிப்பறைச் சுவரில் சிறுநீர் நிற அட்டை ஒட்டியிருப்பார்கள், வெளிர் மஞ்சளிலிருந்து காபி நிறம் வரை. சிரிக்காமல் தினமும் ஒத்துப் பாருங்கள். மெட்ராஸ் வெயிலே பார்த்தவன் என்று நான் முதல் வருடம் பெருமை பேசினேன். மெட்ராஸில் வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் இரும்பைத் தொட்டுக்கொண்டு நின்றதில்லை.

ரோடு

பஸ் கொஞ்சம் ஓடுகிறது, ஆனால் காலை ஐந்தரைக்கு யார்டுக்குப் போக அது உதவாது. கார் இல்லாமல் இங்கே காலே இல்லை. பழைய வண்டி வாங்கினால் ஏசியையும் ரேடியேட்டரையும் முதலில் பாருங்கள், இஞ்சினை அப்புறம் பார்க்கலாம்.

வெட்ஜ்ஃபீல்டுக்குள் ஓட்டும்போது எதிரே வருவது ரோடு டிரெய்ன், ஒரு இழுவை வண்டிக்குப் பின்னால் மூன்று நான்கு டிரெய்லர், 50 மீட்டருக்கு மேல் நீளம். திரும்பும்போது அது ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இடதுபக்கம் இடைவெளி தெரிகிறதே என்று நுழைந்தால், அந்த இடைவெளியைத்தான் கடைசி டிரெய்லர் மூடப் போகிறது. நெடுஞ்சாலையில் முந்த வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலி ரோடு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள். யுஎச்எஃப் ரேடியோ வாங்கி 40ஆம் சேனலில் வையுங்கள். டிரைவர்கள் "வா, ரோடு காலி" என்று சொல்வதும் அதில்தான், உங்களைப் பற்றித் திட்டுவதும் அதில்தான்.

கராத்தா 240 கிலோமீட்டர், புரூம் 600, நியூமன் 450. புரூம் பாதையில் பார்டூ, சாண்ட்ஃபயர் என்ற ரோடுஹவுஸ்கள் தவிர நடுவில் ஒன்றுமில்லை, போன் சிக்னலும் கிடையாது. தண்ணீர் ஆளுக்குப் பத்து லிட்டர், நல்ல ஸ்டெப்னி, ஜாக். வண்டி நின்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான். பொழுது சாய்ந்தபின் நெடுஞ்சாலையில் போகாதீர்கள், கங்காருவைவிட மாடு ஆபத்து. கறுப்பு மாடு, கறுப்பு ரோடு, கண்கூடத் தெரியாது. தெற்கே விட்டெனூம் பக்கம் பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 1966 வரை நீல அஸ்பெஸ்டாஸ் தோண்டிய இடம், ஊரையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், நார் இன்னும் மண்ணில் கிடக்கிறது.

சூறாவளி

நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பருவம். பருவத்துக்கு முன் வீட்டைச் சுற்றி இருக்கும் பழைய தகரம், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். 200 கிலோமீட்டர் வேகக் காற்றில் உங்கள் பூந்தொட்டி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் குண்டு. என் வீட்டில் முதலில் உள்ளே தூக்குவது கறிவேப்பிலைத் தொட்டியைத்தான்.

எச்சரிக்கை நிறத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, புதியவர்கள் கவனிக்க வேண்டும். முன்பு நீலம், மஞ்சள், சிவப்பு என்று இருந்தது. மஞ்சள் என்றால் இரண்டாம் கட்டம், வேலையை நிறுத்தி வீட்டுக்குப் போய் அடைந்துகொள்ளத் தயாராகும் நேரம். இப்போது நாடு முழுவதும் ஒரே முறை: 'அட்வைஸ்' மஞ்சள், 'வாட்ச் அண்ட் ஆக்ட்' ஆரஞ்சு, 'எமர்ஜென்சி வார்னிங்' சிவப்பு. அதாவது இப்போது மஞ்சள்தான் முதல் கட்டம். யார்டில் பழைய ஆட்கள் இன்னும் பழைய நிறத்திலேயே பேசுவார்கள். அவர் சொல்லும் மஞ்சளும் போனில் வரும் மஞ்சளும் ஒன்றில்லை. யார் சொன்னாலும் மாநில அரசின் எமர்ஜென்சி டபிள்யூஏ இணையதளத்தைத் திறந்து பெயரைப் படியுங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

மூன்று நாளுக்குத் தண்ணீர், டின் உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ, மருந்து, பாஸ்போர்ட் பிளாஸ்டிக் உறையில். ஏடிஎம் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது, கொஞ்சம் ரொக்கம். காருக்கு முழு டேங்க். முதல் எச்சரிக்கை வந்தபின் கடைக்குப் போனால் தண்ணீரும் ரொட்டியும் இருக்காது. எனக்கென்று ஒரு அடையாளம் உண்டு: கடலில் நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களைத் துறைமுகத்தார் முன்கூட்டியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அடிவானம் காலியாக இருந்தால் ஷாப்பிங் முடிந்திருக்க வேண்டும்.

காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். கண் கடந்துகொண்டிருக்கலாம், எதிர்ப்பக்கக் காற்று வரும். கூரை போனால் உதவிக்கு எஸ்இஎஸ் என்ற அவசர உதவிப் படை, 132 500. உயிர் ஆபத்துக்கு 000. 2025 பிப்ரவரியில் ஜீலியா சூறாவளி உச்சமான ஐந்தாம் வகுப்பை எட்டி ஹெட்லாண்டுக்குக் கிழக்கே டி கிரே ஆற்றுப் பக்கம் கரை கடந்தது. ஊருக்கு நேராக வரவில்லை என்று எல்லாரும் பெருமூச்சு விட்டோம், ஆனால் அந்த மழையில் மூன்று நாள் குளியலறையிலேயே மெத்தை போட்டுப் படுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். புயல் போனபின் ஆறுகள் நெடுஞ்சாலையை மூடும், லாரி வராது, கடையில் காய்கறி அலமாரி காலியாகும். அரிசியும் பருப்பும் எப்போதும் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

சாப்பாடு, உடம்பு, சம்பளம்

சவுத் ஹெட்லாண்டில் கோல்ஸ், போர்ட் ஹெட்லாண்டில் வுல்வொர்த்ஸ். பால், கோழி, தக்காளிக்குக் குறையில்லை, விலை பெர்த்தைவிடக் கூட. புளி, உளுந்து, இட்லி அரிசிக்குப் பெர்த் போகும்போது கேனிங் வேல் பக்கத்து இந்தியக் கடைகளில் மொத்தமாக வாங்கி வாருங்கள். டிசம்பரில் மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கி மேடையில் வழியும். அரைத்ததும் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

ஹெட்லாண்ட் ஆஸ்பத்திரி சவுத் ஹெட்லாண்டில். பெரிய விஷயம் என்றால் பறக்கும் டாக்டர் விமானத்தில் பெர்த்துக்குக் கொண்டுபோவார்கள். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போக வேண்டியிருந்தால் பயணச் செலவுக்கு 'பேட்ஸ்' என்ற அரசு உதவி இருக்கிறது, போவதற்கு முன்பே படிவம் கொடுக்க வேண்டும். மழைக்குப்பின் கொசு கடித்தால் ராஸ் ரிவர் காய்ச்சல் வரும், மூட்டு மூட்டாக வலிக்கும், மாலையில் முழுக்கை போடுங்கள்.

சம்பளச் சீட்டு சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும். சூப்பர் என்ற ஓய்வுநிதி 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதம், அது உங்கள் கணக்கில் நிஜமாகவே விழுகிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். எனக்கு முதல் நான்கு மாதம் விழவில்லை. சீட்டில் அச்சடித்திருந்தது, கணக்கில் இல்லை. கேட்டபின் வந்தது. சம்பளத்தில் சந்தேகம் என்றால் ஃபேர் வொர்க் என்ற அரசு அலுவலகம், 13 13 94, மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே பேசலாம். வருட வரி போடும்போது தொலைதூரப் பகுதியில் வசிப்பதற்கான சலுகை உண்டு, உள்ளூரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், பறந்து வந்து போகிறவர்களுக்கு இல்லை. கணக்காளர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

லீவு நாள்

கடல் இருக்கிறது என்று குதித்துவிடாதீர்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். காலையில் கார் ஓட்டிய சேற்றுத் திட்டு மதியம் கடலுக்கடியில் இருக்கும். கல்மீன், கடல்பாம்பு, ஜெல்லிமீன், நீலவளைய ஆக்டோபஸ் எல்லாம் உண்டு, பாறைக் குட்டையில் அழகாக எதையாவது பார்த்தால் குழந்தையைத் தொட விடாதீர்கள். ஏற்ற நேர அட்டவணையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அதே அட்டவணையை வைத்து மராபிகுரின்யா பூங்காவுக்குப் போகலாம். பாரம் ஏற்றிய பெரிய கப்பல்கள் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் கால்வாயைத் தாண்ட முடியும், ஒன்றன்பின் ஒன்றாக, இழுவைப் படகுகள் இழுக்க, ஒரு தெருவே நகர்வது போல கண்ணெதிரே போகும்.

மார்ச் முதல் அக்டோபர் வரை பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், கடல் வற்றியிருக்கும் நேரத்தில் நிலா எழுந்தால், சேற்றில் படிப்படியாக வெளிச்சம் விழும். நிலவுக்கு ஏணி என்கிறார்கள். தேதியை ஊராட்சி முன்பே அறிவிக்கும்.

கோடையில் சிமெட்ரி பீச்சிலும் பிரெட்டி பூலிலும் தட்டை முதுகு ஆமைகள் முட்டையிட ஏறி வரும். ராத்திரி குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம். பின்னால் தள்ளி உட்காருங்கள், போன் டார்ச்சைப் போடாதீர்கள். வெளிச்சம் தெரிந்தால் தாய் முட்டையிடாமல் திரும்பிவிடும், பொரிந்து வந்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு உங்கள் காரை நோக்கி வரும்.